குளவி டீச்சர்

விஜிதாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் பத்தாம் வகுப்புப் பையன்கள். கேலியாகத்தான் வைத்தார்கள். இப்போதும் கல்லூரியில் அவரை அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் சொல்லிவிட்டு யாரும் சிரிப்பதில்லை.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்கு ஏறும் வீதியில், மிளகுக்கொடி படர்ந்த சரிவுகளைத் தாண்டி ஒரு வளைவுக்கு மேலே இருக்கிறது பரிசுத்த மத்தியா கல்லூரி. கோப்பித் தோட்டக் காலத்தில் அங்கிலிக்கன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார் ஒருவரும் அவர் மனைவியும் தொடங்கிய பள்ளிக்கூடம். முதல் வகுப்பு தேவாலய விறாந்தையில் நடந்ததாம். கோப்பி நோய் கண்டு அழிந்து தேயிலை வந்த பிறகு கருங்கல்லில் மணிக்கோபுரம் எழுந்தது. அதைச் சுற்றி வகுப்பறைகள் எழுந்தன. மலையில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளும், வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகளும், டவுன் கடைக்காரர்களின் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள்.

அறுபதுகளில் அரசாங்கம் மிஷன் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றது. கல்லூரி அரசாங்கத்துக்குப் போனது. தேவாலயமும் மணிக்கோபுரமும் திருச்சபையிடமே நின்றுவிட்டன. காகிதத்தில் பிரித்துவிட்டார்கள். நிலத்தில் பிரிக்க வழியில்லை. சரிவில் மேலும் கீழுமாக இரண்டு தட்டில் அமைந்த கல்லூரியின் மேல்தட்டு முற்றத்தின் நட்டநடுவில் கோபுரம். அதற்கு ஒரு பக்கம் பூட்டிய தேவாலயம், மறுபக்கம் ஆறாம் வகுப்புக் கட்டடம். இடைவேளையில் சிறுவர்கள் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது அந்தக் கோபுரத்தின் நிழலில்தான். தேவாலயத்துக்கு வந்துகொண்டிருந்த குடும்பங்கள் கனடாவுக்கும் கொழும்புக்கும் போய்விட்டன. குருவானவர் மாத்தளையிலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வந்து பூசை நடத்திவிட்டுச் சாவியோடு திரும்பிப் போவார்.

ஆனாலும் பழைய கல்லூரியின் சாயல் போகவில்லை. காலைக் கூட்டத்தில் தேவாரமும் ஜெபமும் சூராவும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். கல்லூரிக் கீதத்துக்கு இன்றைக்கும் அந்தப் பாதிரியாரின் மனைவி போட்ட மெட்டுத்தான். மேல்நாட்டு வாத்திய பாண்ட் ஒன்று உண்டு. மாவட்டத்தில் எந்தப் பாடசாலையின் விளையாட்டுப் போட்டிக்கும் அவர்களைக் கூப்பிடுவார்கள். அந்த பாண்டுக்குப் பொறுப்பாசிரியர் விஜிதா.

அவரும் அதே கல்லூரியில் படித்தவர்தான். மேலே உள்ள தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, ஆறாம் வகுப்பில் திருச்சபை நடத்திய விடுதிக்கு வந்தவர். எட்டாம் வகுப்பில் ஒருநாள் கணிதபாடம் நடந்துகொண்டிருந்தபோது விடுதிப் பொறுப்பாளர் வந்து வாசலில் நின்று, "விஜிதா, பையை எடுத்துக்கிட்டு வாம்மா" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. மலையில் ஒரு கழுகு குளவிக்கூட்டைக் கொத்தியிருக்கிறது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடியிருக்கிறார்கள். அம்மா ராசம்மா தண்ணீர் வடியும் கானுக்குள் கால் இடறி விழுந்துவிட்டார். மற்றவர்கள் திரும்பிப் போய்த் தூக்க முடியவில்லை. அம்மாவின் முகத்தை விஜிதாவால் அடையாளம் காண முடியவில்லை. காதில் கிடந்த சின்னத் தோட்டை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

படித்தவர்கள் அதை மலைத்தேனீ என்பார்கள். தோட்டத்தில் எல்லாமே குளவிதான்.

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்தில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முற்றத்தில் கூடி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி தொங்கும் வளைவுக்குக் கீழே கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அரைநிலா போல, ஒரு சுளகு அளவில். அதன் மேல் அலை ஒன்று ஓடி அடங்கியது. பிள்ளைகள் "ஆ" என்று வாயைப் பிளந்தார்கள். மறுபடியும் அலை ஓடியது. பஸ்லா என்ற சிறுமி, "டீச்சர், அது மூச்சு விடுது பாருங்க" என்றாள்.

விஜிதா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கையிலிருந்த இசைப் புத்தகங்கள் நழுவிக் கீழே விழுந்ததைப் பிள்ளைகள்தான் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

அன்று இடைவேளைக்கு முன்பே அதிபரிடம் போனார். அதிபர் நிமலன் அதட்டிப் பேசத் தெரியாதவர். ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலந்தான் இருந்தது.

"சேர், அதை இப்பவே எடுக்கணும். சின்னதா இருக்கிறப்பவே எடுத்தாத்தான் உண்டு."

"எடுக்கலாம் டீச்சர். ஆனா கோபுரம் நம்மளது இல்லையே. பாதர்கிட்ட கேக்காம ஆளை ஏத்த முடியாது."

"அப்ப கேளுங்க சேர்."

அவர் அப்போதே தொலைபேசியில் அழைத்தார். குருவானவர், சபைக் குழுவில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். கோபுரத்தில் வெடிப்பு இருக்கிறது, ஏணி சாத்துவது ஆபத்து, ஏதாவது இடிந்தால் யார் பொறுப்பு என்று குழுவில் கேட்டார்களாம். வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிவித்தபோது, கட்டடம் பாடசாலைக்குச் சொந்தமில்லாததால் அவர்கள் செய்ய ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அதிபர் விடாமல் இன்னோர் இடத்தில் சொல்லி, காட்டு உயிர்களைப் பற்றி அறிந்த இரண்டு பேரை வரவழைத்தார். அவர்கள் தூரத்தில் நின்று நெடுநேரம் பார்த்தார்கள்.

"சும்மா விட்டா ஒண்ணும் செய்யாது. கல்லெறியக் கூடாது, புகை போடக் கூடாது, பெரிய சத்தம் கூடாது. மழைக்கு முன்னாடி தானாவே போயிடும்" என்றார் மூத்தவர்.

"போகலைன்னா?" என்று கேட்டார் விஜிதா.

"போகும் டீச்சர். எப்பவும் போகும்."

மாசி பிறந்தபோது ஒன்று மூன்றாகியிருந்தது. பிறகு ஐந்து. கோபுரத்தின் நான்கு பக்க வளைவுகளிலும் கறுப்பாகத் தொங்கின. முதலாவது கூடு இப்போது ஓர் ஆள் கையை விரித்தாலும் எட்டாத அகலம். மழை இல்லை. புல் கருகிவிட்டது. குழாயடியில் தண்ணீர் சொட்டும் இடத்தில் அவை வந்து மொய்த்தன. பிள்ளைகள் போத்தலை நிரப்பப் பயந்து தாகத்தோடு இருந்தார்கள். காலையில் ஆறாம் வகுப்பறையைக் கூட்டிப் பெருக்கும்போது வாங்குகளுக்கு அடியில் செத்த குளவிகள் கிடந்தன. ஒரு பையனின் கழுத்தில் கொட்டியதில் முகம் முழுவதும் வீங்கி ஒரு வாரம் வரவில்லை.

எல்லாவற்றையும்விட அந்த இரைச்சல்தான். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். சங்கீத அறையில் விஜிதா சுரம் பிடித்துக் காட்டும்போது அதற்கு அடியில் அது கேட்டுக்கொண்டே இருக்கும். சில நாட்களில் மற்ற ஆசிரியர்களுக்கு அது கேட்காமலே போய்விட்டது. பழகிவிட்டார்கள். விஜிதாவுக்கு மட்டும் பழகவில்லை. வீட்டில் சமைக்கும்போதும் காதைச் சாய்த்து நிற்பார். கணவர் சசிக்குமார், "அடுப்பு சத்தம் விஜி" என்பார்.

அந்த வருடம் கல்லூரிக்கு நூற்றைம்பதாவது ஆண்டு. பங்குனியில் விழா என்று முடிவாகியிருந்தது. வீதி நீள நடைபவனி, தேவாலயத்தில் நன்றி ஆராதனை, முற்றத்தில் பாண்ட் இசை, கடைசியில் கயிறு அறுந்து பல வருடங்களாக ஊமையாகக் கிடந்த மணியை அடிப்பது. பழைய மாணவர் சங்கத் தலைவர் இராஜசிங்கம் அதற்குப் புதுக் கயிறுகூட வாங்கி வைத்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அப்பா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். மகள் சாம்பவி இங்கேதான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பாண்டுக்கு முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு நடக்கும் தலைவி அவள்தான்.

விஜிதா பயிற்சியை மேல்முற்றத்திலிருந்து கீழ் மைதானத்துக்கு மாற்றினார். அங்கும் பெரிய மேளம் அடித்தால் கோபுரத்தில் அலை வேகமாக ஓடுவதைப் பார்த்தார். பயிற்சியை நிறுத்திவிட்டார்.

சாம்பவி சங்கீத அறைக்கு வந்து மேசையின் முன்னால் நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

"ஒரு வருஷமா நாங்க பிரக்டிஸ் பண்ணினோம் டீச்சர். வெயில்ல நின்னு நின்னு எத்தனை பேர் மயங்கி விழுந்தாங்க. ஒரு பூச்சிக்குப் பயந்து எல்லாத்தையும் விடுறதா?"

"ஒரு பூச்சி இல்லம்மா."

"உங்களுக்குப் பயம்னா நீங்க வராதீங்க. நாங்க வாசிச்சிட்டுப் போறோம்."

சாம்பவி போன பிறகு விஜிதா கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த நாள் பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் யாரோ பெரிய குளவி ஒன்றை வரைந்து அதற்குக் கொண்டையும் சேலையும் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்துதான் அந்தப் பெயர்.

இராஜசிங்கம் நேரில் வந்தார். "டீச்சர், நாங்கள் இங்க படிக்கேக்கயும் கோபுரத்தில குளவி இருந்ததுதான். ஒண்டும் நடக்கேல்ல. சனம் வெளிநாட்டில இருந்தெல்லாம் வருது. ஒரு சத்தமும் இல்லாம, செத்தவீடு மாதிரி விழா எடுக்கிறதே?"

"ஐயா, எங்க அம்மா குளவி கொட்டித்தான் செத்தாங்க."

"எனக்குத் தெரியாது டீச்சர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா, பயத்தில நாங்கள் ஒரு முடிவெடுக்கக் கூடாது."

அதிபர் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு முடிவெடுத்தார். மணி அடிப்பதில்லை. பாண்ட் கீழ் மைதானத்தில் மட்டும், பெரிய மேளம் இல்லாமல் வாசிக்கும். இது யாருக்கும் திருப்தியில்லை.

விஜிதா தன்னால் முடிந்ததைச் செய்ய ஆரம்பித்தார். ஆறாம் வகுப்புக் கட்டடத்துக்குப் பாதிச் சுவர்தான். மேலே கம்பிவலை, கதவே இல்லை. மேல்தட்டில் அடைத்துக்கொள்ளக்கூடிய இடங்கள் சங்கீத அறையும் ஆய்வுகூடமும் அதிபரின் காரியாலயமும்தான். எல்லாரும் அவற்றுக்குள் கொள்ளமாட்டார்கள். மிக அருகில் இருப்பது தேவாலயம். அதன் கதவு எப்போதும் பூட்டு.

"சேர், அந்தச் சாவி ஒண்ணு நம்மகிட்ட இருக்கணும்."

அதிபர் கேட்டுப் பார்த்தார். பழைய பொருட்கள் இருக்கிற இடம், பிள்ளைகள் உள்ளே போனால் பாதுகாப்பில்லை, விழாவுக்கு மட்டும் தருகிறோம் என்றார்கள்.

விஜிதா விளையாட்டு ஆசிரியரிடம் ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நீளமாக மூன்று முறை ஊதினால் எல்லாரும் தலையைப் பையால் மூடிக்கொண்டு நேரே ஓடவேண்டும். கையை வீசக்கூடாது, நிற்கக்கூடாது, கத்தக்கூடாது. உள்ளே போனதும் ஜன்னலைச் சாத்த வேண்டும். தினமும் ஒருமுறை ஓடவைத்தார். சிறுவர்களுக்கு அது விளையாட்டு. பெரிய பையன்கள் சிரித்துக்கொண்டே, "ஸ்ஸ்ஸ்" என்று இரைந்துகொண்டே ஓடினார்கள். சக ஆசிரியை ஒருத்தர், "டீச்சர், நீங்க கொஞ்ச நாள் லீவு எடுங்களேன்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார்.

விழா நடந்தது. நடைபவனி போனது. தேவாலயக் கதவு திறந்தது. நன்றி ஆராதனையில் பாட்டு எழுந்தபோது விஜிதா உள்ளே போகாமல் முற்றத்து ஓரத்தில் விசிலைப் பற்களுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கோபுரத்தின் கீழே நின்று படம் பிடித்தார்கள். ஒரு பெண் அடித்திருந்த சென்ட் வாசம் காற்றில் வந்தபோது, வாசனை குளவியைக் கிளப்பும் என்று தெரிந்த விஜிதா சட்டென்று மேலே பார்த்தார். அலை ஓடி அடங்கியது. மறுபடி ஓடி அடங்கியது. அவ்வளவுதான். மாலையில் பாண்ட் வாசித்து முடித்தது. எல்லாரும் சாப்பிட்டுப் போனார்கள்.

இராஜசிங்கம் போகும்போது சிரித்துக்கொண்டே, "பாத்தீங்களா டீச்சர்?" என்றார்.

விஜிதாவும் சிரித்தார். அன்று இரவு பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கியதாகப் பின்னால் சொன்னார். தேவாலயச் சாவி அன்று மாலையே குருவானவரோடு மாத்தளைக்குப் போய்விட்டது.

அதற்கடுத்த வாரம், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால் ஒரு சாதாரண வேலைநாள். இடைவேளை விட்டிருந்தது. சாம்பவி பாண்ட் சட்டைகளை மடித்துத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். கையில் அந்த வெள்ளிப் பூண் போட்ட கோல். விஜிதாவோடு அவள் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. சட்டைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

விஜிதா திடீரென்று கையை உயர்த்தினார்.

"என்ன டீச்சர்?"

"சுருதி மாறிருச்சு."

சாம்பவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவளுக்கும் கேட்டது. அந்த இரைச்சல் ஒரு படி மேலே ஏறியிருந்தது. இன்னொரு படி ஏறியது. ஜன்னலால் பார்த்தபோது ஒரு பெரிய பறவை கோபுரத்திலிருந்து சரிந்து விலகியது. அதன் காலில் ஏதோ வெள்ளையாகத் தொங்கியது. அடுத்த கணம் பெரிய கூட்டில் பாதி பிய்ந்து முற்றத்துச் சீமெந்தில் தொப்பென்று விழுந்தது.

விஜிதா வெளியே ஓடிக்கொண்டே ஊதினார். நீளமாக மூன்று முறை.

மேலே கோபுரம் கறுப்பாக அவிழ்ந்தது. ஐந்து கூடுகளும் ஒரே நேரத்தில். முற்றத்தில் வெயில் மங்கியது போலிருந்தது. கீழ்த்தட்டு வகுப்புகளில் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. அந்தப் பெரிய பையன்கள், சிரித்துச் சிரித்து ஓடிப் பழகியவர்கள், இப்போது ஒரு சத்தமும் இல்லாமல் ஓடினார்கள். ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் சங்கீத அறைக்குள் போய்விட்டார்கள். மீதிப் பேர் தேவாலயப் பக்கம் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கும் சங்கீத அறைக்கும் நடுவில் அந்தக் கறுப்பு வந்துவிட்டது. அவர்கள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி நேரே தேவாலயக் கதவுக்கு ஓடி, அங்கே முட்டிக்கொண்டு நின்றார்கள்.

விஜிதா அவர்களிடம் ஓடினார். கன்னத்தில், கண்ணிமையில், காதுக்குள் நெருப்பாக விழுந்தது. கதவைத் தள்ளினார். தேக்கங்கதவு அசையவில்லை.

"டீச்சர், பின்னுக்கு!" என்று கத்தினாள் சாம்பவி. அவள் எப்போது தன் பின்னால் ஓடிவந்தாள் என்று விஜிதாவுக்குத் தெரியாது. பாண்ட் சட்டையொன்றைத் தலையில் சுற்றியிருந்தாள். தேவாலயத்தின் பின்பக்கம், அங்கி மாற்றும் அறைக்குத் தாழ்வான ஜன்னல் ஒன்று உண்டு. வர்ணக் கண்ணாடியில் ஓர் ஆட்டுக்குட்டியின் படம். சாம்பவி கோலை இரண்டு கையாலும் பிடித்து அதன் பூணால் ஓங்கி அடித்தாள். ஒருமுறை, இன்னொருமுறை. கண்ணாடி உள்ளே கொட்டியது. அவள் முதலில் ஏறிக் குதித்து உள்ளிருந்து கை நீட்ட, விஜிதா பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி உள்ளே தள்ளினார். கடைசியில் அவர் ஏற முயன்றபோது கைகளில் பலமில்லை. சாம்பவி இழுத்துப் போட்டாள். பீடத்துத் துணியை எடுத்து ஜன்னலை அடைத்தார்கள். உள்ளே வந்துவிட்ட சில, ஒளி தெரிந்த துணியை நோக்கியே போய் முட்டிக்கொண்டிருந்தன.

இருட்டில் பிள்ளைகள் அழுதார்கள். விஜிதா வீங்கிப்போன உதடுகளோடு பெயர்களைக் கூப்பிட்டார். பஸ்லா பதில் சொல்லவில்லை.

பஸ்லா குழாயடியில் விழுந்திருந்தாள். அதைக் கண்டவர் காரியாலய ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்த அதிபர். நிமலன் சேர் வேறொன்றும் யோசிக்கவில்லை என்று அங்கிருந்த எழுத்தர் பிறகு சொன்னார். மேசை விரிப்பை இழுத்தெடுத்துக்கொண்டு கதவைத் திறந்து போனார். விரிப்பைச் சிறுமியின் மேல் போட்டுச் சுற்றித் தூக்கிக்கொண்டார். தன்னை மூடிக்கொள்ள ஒன்றுமில்லை. அறுபதை நெருங்கிய மனிதர், பாரத்தோடு ஓட முடியவில்லை, நடந்துதான் வந்தார். கதவருகில் வந்து சிறுமியை உள்ளே கொடுத்தார். "கதவைச் சாத்துங்க" என்றார். எழுத்தர் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தபோது குளவி மொய்த்து அவரது தலைமயிரே தெரியவில்லை.

அம்புலன்ஸ் வந்தும் முற்றத்துக்குள் நுழைய நெடுநேரமாயிற்று.

பஸ்லா பிழைத்துக்கொண்டாள். அதிபர் நிமலன் இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். விஷம் சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டது என்றார்கள். விஜிதாவுக்கு அதைச் சொல்லவேண்டாம் என்று சசிக்குமார் தாதிகளிடம் கேட்டுக்கொண்டார். ஆனால் பக்கத்துக் கட்டிலில் பேசியது கேட்டுவிட்டது. கண்கள் இரண்டும் மூடி வீங்கியிருந்ததால் அவர் அழுதாரா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

கண் திறக்க முடிந்த நாளில் இராஜசிங்கம் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினார். ஒன்றை உரித்தார். இன்னொன்றை உரித்தார். உரித்த சுளைகள் தட்டில் குவிந்தன.

"சாம்பவி எப்பிடி இருக்கா ஐயா?"

"கையில தையல் போட்டிருக்கு. கண்ணாடி வெட்டினது." அவர் மூன்றாவது பழத்தைக் கையில் எடுத்து அப்படியே வைத்திருந்தார். "டீச்சர், நான் அண்டைக்குச் சொன்னது..."

"விடுங்க ஐயா."

"இல்லை, விடேலாது" என்றார் அவர். பார்வையாளர் நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

விசாரணை நடந்தது. பல பேர் வந்து பல கேள்விகள் கேட்டார்கள். சபைக் குழுவிலிருந்து வந்த ஒருவர், அந்த வர்ணக் கண்ணாடி பாதிரியார் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது, அப்படி ஒன்று இனிக் கிடைக்காது, உடைத்தது யார் என்று கேட்டார். கேட்கும்போது அவரது குரல் தணிந்திருந்தது, ஆனாலும் கேட்டார்.

"நான்தான் உடைச்சேன்" என்றார் விஜிதா.

பின் வரிசையில் இருந்த குருவானவர் எழுந்தார். "நான் சாவியைக் கொண்டுபோனதாலதான் உடைக்க வேண்டி வந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்க" என்றார். அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்தபோது தச்சன் ஒருவரையும் கூட்டிவந்து பூட்டைக் கழற்றுவித்தார்.

குளவிகள் போகவில்லை. கலைந்தவை அன்று மாலையே திரும்பி வந்து கோபுரத்தில் ஒட்டிக்கொண்டன. பிய்ந்த கூட்டைக்கூடச் சரிசெய்தன. கல்லூரி பூட்டிக்கிடந்த சித்திரை முழுவதும் அங்கேதான் இருந்தன. ஏறி எடுப்பது யார், கோபுரம் தாங்குமா என்று பேச்சு நடந்துகொண்டிருக்கையில், ஒரு மாலை இடி இடித்துப் பெருமழை கொட்டியது. மறுநாள் காலையில் ஒன்றுகூட இல்லை. வெறும் மெழுகுத் தட்டுகள் வெள்ளையாகத் தொங்கின. மழைக்கு முன்னாடி போய்விடும் என்று அந்த மூத்தவர் சொன்னது ஏறத்தாழ உண்மையாயிற்று.

விஜிதா இரண்டாம் தவணை பாதியில்தான் வேலைக்குத் திரும்பினார். சசிக்குமார் நாலந்தா பக்கத்தில் ஒரு பாடசாலைக்கு மாற்றம் கேட்கச் சொன்னார்.

"அங்க குளவி இல்லையா?" என்று கேட்டார் விஜிதா.

"இருக்கும். ஆனா அது உன்னைக் கொட்டின குளவி இல்லையே."

அவர் விண்ணப்பிக்கவில்லை. பஸ்லாவை அவளது உம்மா மஸீஹா வேறு பாடசாலைக்கு மாற்றிவிட்டார். விடுகைப் பத்திரம் வாங்க வந்தபோது சங்கீத அறைக்கு வந்து விஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களப் பாத்தா விட்டுட்டுப் போக மனமில்ல டீச்சர். ஆனா புள்ள அந்தக் கோபுரத்தக் கண்டா நடுங்குறா. நான் என்ன செய்ய?" விஜிதா, "கூட்டிட்டுப் போங்க. அதுதான் சரி" என்றார். வாசல்வரை போய் வழியனுப்பினார்.

புதிய அதிபர் வந்தார். ஆறாம் வகுப்பைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினார்கள். மேல்கட்டடத்தில் உடைந்த மேசை கதிரைகள் கிடக்கின்றன. கோபுரத்தைத் திருத்துவதா, இடிப்பதா என்று இரண்டு தரப்பும் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன. சாம்பவி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிப் போய்விட்டாள். பாண்டுக்கு இப்போது வேறொரு பெண் தலைவி.

சென்ற வருடம் எதுவும் வரவில்லை. சனம் நிம்மதியாக இருந்தது. இந்த வருடம் பொங்கலுக்கு மறுவாரம் கோபுரத்தின் தெற்கு வளைவில் ஒன்று வந்து ஒட்டியது. விஜிதா அதிபரிடம் சொல்லிவிட்டு, பாடத்தைத் தொடங்காமல் பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து வரிசையில் நிறுத்தினார்.

"பைகளைத் தலைக்கு மேல பிடிங்க" என்றார். "நேரே பாத்து ஓடணும். யாரும் திரும்பக் கூடாது."